விஸ்கி ஆலையில் கொலை என்றால் முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள்

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். முதல் கதை எழுதுகிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தாத்தா விட்டுப்போன ஒரு விஸ்கி ஆலை. பெங்களூரு வேலையை உதறிவிட்டு வரும் பேத்தி. அவள் வந்த மூன்றாம் நாள் நொதித்தொட்டிக்குள் பிணமாகக் கிடக்கும் பழைய கணக்குப்பிள்ளை. துப்பறியத் துணைக்கு ஓர் அத்தையும் ஒரு பூனையும். ரத்தம் தெறிக்கக் கூடாது, மழை நாளில் போர்வைக்குள் உட்கார்ந்து படிக்கிற கதையாக இருக்க வேண்டும் என்கிறார். ஆலைக்குள் எப்படியெல்லாம் சாவு நேரும், எதை எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்பது அவர் கேட்டது. ஆனால் கதைச் சுருக்கத்தைப் படித்தால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. போலீஸ் விபத்து என்று மூடிவிட்ட ஒரு சாவை, ஆலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பெண் எதை வைத்துக் கொலை என்று கண்டுபிடிப்பாள்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலையில் 22 வருடம் ஆய்வகக் கெமிஸ்டாக இருந்தவன். பெரும்பகுதி மொலாசஸ் வேலை, ஒரு மூலையில் சின்னதாக மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, பிரிவு. தொட்டி, பீப்பாய், ரிஜிஸ்டர் இந்த மூன்றைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிரேதப் பரிசோதனை, வாரிசுச் சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களை மட்டும் ஒரு தடயவியல் மருத்துவரிடமும் ஒரு வக்கீலிடமும் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

முதலில் தேதி இடிக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இடைவிடாமல் ஓடும் ஆலை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் வேறு சில மாநிலங்களில் அப்படி எழுதலாம், நம் ஊரில் எழுத முடியாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே இங்கேதான். 1937 அக்டோபர் 1ம் தேதி, ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. தர்மபுரி 1965ல்தான் தனி மாவட்டம், கிருஷ்ணகிரி 2004ல். ஆகவே அன்றைய சேலம் மாவட்டம் என்றால் நம் ஊரும் சேர்த்துத்தான். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்புறம் 1971ல் விலக்கைத் தள்ளிவைத்தார்கள், 1973, 74ல் கடைகளை மறுபடி மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். வெளிநாட்டு வகை மதுவை இங்கே தயாரிப்பதற்கான விதிகளும் அந்த 1981ல்தான் வந்தன. எனவே உங்கள் ஆலைக்குப் பிறந்த தேதி 1981க்கு முன்னால் போகாது. கொள்ளுத்தாத்தா காலத்துச் சாராயம் காய்ச்சும் தாமிரப் பானை ஒன்று 1937ல் சீல் வைக்கப்பட்டு, புளியமரத்தடிக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது என்று எழுதினால் அந்தப் பழைய வாசனையும் கிடைத்துவிடும், தேதியும் இடிக்காது. அந்தப் பானைக்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்தது சொத்து. நிலம், கட்டடம், பீப்பாய், கடன் எல்லாம் பேத்திக்கு வரும். உரிமம் தானாக வராது. அது அரசு ஒருவருக்குக் கொடுத்த அனுமதி, பெயர் மாற்ற அரசிடம் போய் நிற்க வேண்டும். மது வியாபாரம் யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1994ல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆக, உங்கள் கதாநாயகி ஒரு கிடங்கு நிறைய விஸ்கிக்குச் சொந்தக்காரி, ஆனால் அதிலிருந்து ஒரு டம்ளர் எடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு கதைக்கு வேண்டுமா? வெளிநாட்டுக் கதைகளில் ஆலை வாசலில் ஒரு கடை, சுற்றுலாக்காரர்கள், ருசி பார்க்கும் அறை எல்லாம் வரும். இங்கே மொத்த வியாபாரம் 1983லிருந்து டாஸ்மாக்கிடம், 2003லிருந்து சில்லறையும் அதனிடமே. ஆலை வாசலில் ஒரு பாட்டில்கூட விற்க முடியாது. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் பேத்தி சுற்றுலாப் பயணிகளுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுக்கிறாளே, அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ராகிக் களி விருந்து வையுங்கள்.

விஸ்கி என்று நாம் சொல்வது எது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பங்கு, சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த சுத்த ஆல்கஹாலுடன் கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட் சேர்த்தது. பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கிற தர்மபுரிக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மொலாசஸ் வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க முடியாது, தானியத்தில் காய்ச்சியதுதான் அங்கே விஸ்கி. முழுக்க மால்ட்டில் காய்ச்சிய இந்திய விஸ்கியை சிங்கிள் மால்ட் என்று உலகம் பார்த்தது 2004ல், பெங்களூருவின் அம்ருத் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் போய் இறக்கியபோதுதான். ஆகவே 1980களில் உங்கள் தாத்தா காய்ச்சிய மால்ட், அடுத்தவர் பிளெண்டில் கலக்கப் போயிருக்கும். பார்லி இங்கே விளையாது, ராஜஸ்தான், ஹரியானா பக்கமிருந்து லாரியில் வரும். தாத்தா கொஞ்சம் கிறுக்கர் என்றால் ராகியை முளைகட்டிப் பார்த்திருப்பார். சிறுதானியங்களில் மாவைச் சர்க்கரையாக்கும் என்சைம் ராகி முளையில் நன்றாகவே உண்டு, குழந்தைக்கு ராகிமால்ட் காய்ச்சும் எந்தப் பாட்டிக்கும் அந்த இனிப்பு தெரியும்.

சரி, சாவுக்கு வருவோம். நொதித்தொட்டியைத் தேர்ந்தெடுத்தது சரியான தேர்வு, ஆனால் கணக்குப்பிள்ளை விஸ்கியில் மூழ்கிச் செத்ததாக எழுதியது தவறு. அந்தத் தொட்டியில் இருப்பது விஸ்கியே இல்லை, எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள புளிச்ச கஞ்சி மாதிரி ஒரு திரவம். நாங்கள் வாஷ் என்போம். அதில் மனிதனைக் கொல்வது திரவம் இல்லை, மேலே நிற்கும் காற்று. ஈஸ்ட் 180 கிராம் சர்க்கரையைத் தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. 10,000 லிட்டர் வாஷ் புளித்து முடிந்தால் ஏறக்குறைய 600 கிலோ வாயு, அதாவது அந்தத் தொட்டியைப் போல முப்பது மடங்கு இடத்தை நிரப்பும் அளவு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மேலே பறக்காது, தொட்டிக்குள்ளும் தரைப் பள்ளத்திலும் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். நிறமும் இல்லை, புகையும் இல்லை. பத்து சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு போகும், முப்பதை எட்டினால் சில மூச்சுகளிலேயே. வாஷை வெளியேற்றிய பிறகும் காற்றோட்டம் இல்லாத தொட்டியில் அது உட்கார்ந்தே இருக்கும். காலித் தொட்டிதானே என்று இறங்குகிறவன்தான் சாகிறான்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் ஆலையில் ஒரு ஹெல்ப்பர் காலித் தொட்டிக்குள் விழுந்த வாளியை எடுக்க ஏணியில் இறங்கினார். இடுப்புவரை உள்ளே போனதும் கை தளர்ந்து சரிந்தார். பக்கத்தில் நின்றவர் "அண்ணே" என்று கத்திக்கொண்டே இறங்கப் போனார். எங்கள் ஃபோர்மேன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு காற்றடிக்கும் புளோயரின் குழாயை உள்ளே விட்டு, இடுப்பில் கயிறு கட்டி ஒருவரை இறக்கித்தான் தூக்கினோம். ஆள் பிழைத்துக்கொண்டார். அந்த அறை விழாவிட்டால் அன்றைக்கு இரண்டு பிணம். உலகம் முழுக்க இந்த மாதிரி விபத்துகளில் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் இறங்குவதற்கு முன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். ஆல்கஹால் ஆவி உள்ள இடத்தில் நெருப்பைக் காட்டுவது இன்னொரு மடத்தனம், அதனால் இப்போது மீட்டர்தான். அந்த விளக்கை மட்டும் கதையில் எங்காவது தொங்கவிடுங்கள், பார்க்க அழகாக இருக்கும்.

இதில் கொலைக்கு என்ன வழி? கொலைகாரன் யாரையும் தொட வேண்டியதில்லை, அதுதான் உங்கள் வகைக் கதைக்கு வசதி. கணக்குப்பிள்ளைக்குத் தொட்டிக்குள் வேலை கிடையாது. ஆனால் முப்பது வருடமாகக் கைவிடாத அவருடைய பேரேடு தொட்டிக்குள் கிடந்தால் இறங்குவார். கொலைகாரன் ஆலை மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மேலே நின்று, "ரெண்டு மணி நேரம் புளோயர் ஓடியிருக்கு, தைரியமா இறங்குங்க" என்று சொன்னால் போதும். தொட்டியில் ஆள் இறங்க ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. அதில் புளோயர் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஓடியது என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பான். போலீஸ் அதைப் பார்த்து, எல்லா விதியையும் கடைப்பிடித்தும் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போகும். அத்தைக்கு மட்டும் ஒன்று உறுத்தும். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் இல்லை. ஊறப்போட்ட அரிசியை ஆட்ட முடியாமல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லைத் தேடிப் போனது அவருக்கு ஞாபகம் இருக்கும். மின்தடை அறிவிப்பு வந்த பேப்பர் அலமாரித் தட்டில் விரித்துக் கிடக்கும். ஜெனரேட்டர் ஓடியது என்று மேனேஜர் சொல்வான். டீசல் புத்தகத்தைத் திறந்தால் அன்று ஒரு லிட்டர்கூடச் செலவாகியிருக்காது. இந்தத் துப்பைக் கண்டுபிடிக்க வேதியியல் தெரிய வேண்டாம், இட்லி சுடத் தெரிந்தால் போதும்.

நீங்கள் யோசித்து வைத்திருக்கும் மற்ற இரண்டு வழிகளை விட்டுவிடுங்கள். பீப்பாய்க்குள் பிணம் என்பது ஒன்று. பீப்பாயின் வாய் இரண்டு அங்குலம். ஆளை உள்ளே வைக்க வேண்டுமானால் இரும்பு வளையத்தைத் தட்டிக் கழற்றி, தலைப்பலகையை எடுத்து, மறுபடி ஒழுகாமல் பூட்ட வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் ஆலையில் இருப்பார், கொலைகாரன் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். போதாததற்கு 60 கிலோ ஆள் சுமார் 60 லிட்டரை வெளியே தள்ளுவார், 200 லிட்டர் பீப்பாயில் அது எங்கே போகும்? இன்னொன்று டம்ளரில் மெத்தனால். அது ஊற்றிய மேசையிலேயே சாய்க்காது. குடித்துப் பன்னிரண்டு, இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் கண் மங்கலும் தொடங்கும். கூடவே நல்ல ஆல்கஹால் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் சாதா ஆல்கஹாலே ஒரு முறிமருந்து. கதைக்கு இது கவர்ச்சியான முடிச்சுதான். ஆனால் 2008 மே மாதம் கள்ளச்சாராயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பெங்களூரு, கோலார் பக்கத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்த ஊர் இது. 2024ல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். போர்வைக்குள் படிக்கிற கதையில் அந்த விஷத்தைக் கொண்டுவந்தால் நம் ஊர் வாசகர் போர்வையை விலக்கிவிடுவார். இது என் அபிப்பிராயம், உங்கள் இஷ்டம்.

இனி கொலைக்குக் காரணம். இங்கேதான் உங்களிடம் சரக்கு கொட்டிக் கிடக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. ஓக் பீப்பாயில் வைத்த விஸ்கி மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். வெள்ளைக்காரன் அதைத் தேவதைகளின் பங்கு என்பான், எங்கள் ரிஜிஸ்டரில் வெறும் சேதாரம். நகைக்கடைச் சேதாரம் மாதிரியே இதிலும் திருடன் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் போகும். பெங்களூரு, ஓசூர் தட்பவெப்பத்தில் பத்திலிருந்து பன்னிரண்டு. 200 லிட்டர் பீப்பாயை ஐந்து வருடம் வைத்தால் அங்கே 180 லிட்டர் மிஞ்சும், இங்கே 118. தாத்தா பேத்திக்காக 25 வருடப் பீப்பாய் வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்குப் பத்து சதவீதமே போனாலும் அதில் 14 லிட்டர்தான் இருக்கும், அதுவும் மரத்தைச் சப்பியது போலக் கசக்கும். அம்ருத் ஆலையே 2013ல் எட்டு வருட விஸ்கியைப் பேராசைக்காரத் தேவதைகள் என்று பொருள்வரும் பெயர் வைத்துத்தான் வெளியிட்டது. நம் வெயிலில் ஒரு வருடம் ஸ்காட்லாந்தில் மூன்று வருடத்துக்குச் சமம் என்று தொழிலில் சொல்வார்கள். ஆவியாகும் கணக்கு அளந்து பார்த்தது, நம்பலாம். மூன்றுக்கு ஒன்று என்பது வியாபாரப் பேச்சு. சூட்டில் மரத்தின் சாறு சீக்கிரம் இறங்கும், ஆனால் காலம் மட்டுமே செய்கிற சில மாற்றங்கள் அந்த வேகத்துக்கு ஓடிவராது.

பீப்பாயை அளப்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் கணக்குப்பிள்ளை எதைக் கண்டுபிடித்தார் என்று எழுத முடியும். வாய்க்கட்டையின் இரண்டு பக்கமும் மரச்சுத்தியலால் தட்டினால் அது தானாக மேலே எழும்பும். உடனே வெனிலாவும் பழைய அலமாரியும் கலந்த மாதிரி ஒரு வாசம் மூக்கில் ஏறும். அளவுக்கோலை நேராக விட்டு அடி தொட்டதும் எடுத்து, ஈரம் நிற்கும் கோட்டைப் படிக்க வேண்டும். வெயில் நாளில் அந்த ஈரம் நீங்கள் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, சூட்டையும் அளந்து அட்டவணையில் திருத்த வேண்டும். ஒரு பீப்பாய்க்குப் பத்து நிமிடம். இருநூறு பீப்பாய் என்றால் நாலைந்து நாள் முதுகு ஒடியும். அதனால்தான் ஆட்கள் ஏறாமலே எழுதுவார்கள். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். மேல் அடுக்கில் இருபது பீப்பாய், காய்ச்சல் வேறு. கீழ் அடுக்கு அளவைப் பார்த்து மேலடுக்குக்கு எழுதிவிட்டேன். எங்கள் தலைமைக் கெமிஸ்ட் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மேலே சூடு அதிகமாச்சேப்பா, அங்கேயும் இதே சேதாரமா?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் துப்பு இதுதான். நிஜ அளவு எப்போதும் தாறுமாறாக இருக்கும். ஒரு பீப்பாயில் எட்டு சதவீதம் போயிருக்கும், பக்கத்துப் பீப்பாயில் பலகை கோணி பதிமூன்று போயிருக்கும். மேல் அடுக்கு ஒரு மாதிரி, சுவரோரம் ஒரு மாதிரி. திருடன் உட்கார்ந்து எழுதினால் எல்லாம் பதினொன்றரை, பன்னிரண்டு என்று அடக்கமாக வரிசையில் நிற்கும். பேத்தி வந்தது கம்ப்யூட்டர் வேலையிலிருந்து அல்லவா? விஸ்கி பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், இந்த எண்கள் மனிதன் கற்பனை செய்தவை என்று அவளுக்குத் தெரியும். தேவதைகள் எல்லாப் பீப்பாயிலும் ஒரே அளவு குடிக்க மாட்டார்கள். ஆலையில் ஒரு அரசு அதிகாரி இருப்பார், கிடங்குக்கு இரட்டைப் பூட்டு, ஒரு சாவி ஆலையிடம், ஒரு சாவி அவரிடம். ஆகவே மேனேஜர் தனியாகத் திருட முடியாது. அந்த அதிகாரி கெட்டவரா, கண்மூடித்தனமாக நம்பியவரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நம்பியவராக வைத்தால் கதையில் ஈரம் இருக்கும்.

திருடிய அளவை எதைக் கொண்டு நிரப்பினான் என்பதற்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. மாம்பழம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கூழ் ஆலைகளில் பெங்களூரா மாங்காய்த் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும், ஈ மொய்க்கும். ஒட்டியிருக்கும் சதையைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் மலிவான ஆல்கஹால். ஆனால் பழத்தில் பெக்டின் இருக்கிறது, ஜாமைக் கெட்டியாக்கும் பொருள். அது உடையும்போது கொஞ்சம் மெத்தனால் வரும். பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. அதனால் மால்ட் விஸ்கி என்று சொல்லும் பீப்பாயில், மால்ட்டுக்குப் பொருந்தாத அளவு மெத்தனால் ஆய்வகக் கருவியில் தெரிந்தால், உள்ளே பழச்சாராயம் இருக்கிறது என்று அர்த்தம். ஆளைக் கொல்லும் அளவு இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கும் அளவு. முகர்ந்தே மாம்பழ வாசத்தைக் கண்டுபிடித்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். ஓக் மரம் அதையெல்லாம் மூடிவிடும். என் மூக்கை நம்பி நானே இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். காய்ச்சும்போது முதலில் வடியும் தலைப்பகுதியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, மேனேஜரும் அப்படி நம்பியதாக வையுங்கள். அது சரியில்லை, தலைப்பகுதியில் முக்கியமாகப் போவது வேறு சரக்கு. மெத்தனால் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வரும்.

இன்னொரு சின்னத் துப்பு, எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் நாட்டு விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று பார்த்திருப்பீர்கள். அது என்ன புள்ளி எட்டு? பழைய பிரிட்டிஷ் கணக்கில் நூறு புரூஃப் என்ற வீரியம் 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. வெள்ளைக்காரன் போனான், அவன் கணக்கு எங்கள் கையில் ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்துப் பாட்டில்களில் பெரும்பாலும் 40 அல்லது 43 என்றிருக்கும். மேனேஜர் திருடிய மால்ட்டை வெளிநாட்டுப் பாட்டிலில் அடைத்து விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் 40 என்று இருக்கும். உள்ளே தண்ணீர் விளாவியவன் நம் ஊர்க்காரன், கைப்பழக்கம் 42.8ல் கொண்டுபோய் நிறுத்தும். பேத்தி தாத்தாவின் மேசை இழுப்பறையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்கவிடும் காட்சியை ஒரு முழு அத்தியாயமாக எழுதலாம். ஒன்று மட்டும், பாட்டிலில் நிறத்துக்காகச் சேர்க்கும் காரமல் அதிகமாகக் கலந்திருந்தால் அளவு கொஞ்சம் பிசகும். முதலில் காய்ச்சி வடித்துவிட்டு அளப்பதுதான் முறை.

போலீஸ் பகுதியில் இரண்டே திருத்தம். சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174வது பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள், 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தில் 194. இன்னொன்று, உள்ளுறுப்புகளை ஸ்பிரிட்டில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்கிறீர்கள். ஆல்கஹால் சந்தேகம் உள்ள பிணத்தில் அப்படிச் செய்தால் சாட்சியே கெட்டுவிடும், உப்புக் கரைசலில்தான் போடுவார்கள். கரியமில வாயுச் சாவு உடம்பில் தனி அடையாளம் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவே டாக்டர் திறமையற்றவர் என்று காட்ட வேண்டாம், பாவம். உடம்பு சொல்லாததை டீசல் புத்தகம் சொல்லட்டும்.

அந்த 1937 தாமிரப் பானை பாக்கி இருக்கிறது. சும்மா கிடந்த தாமிரம் எப்படி இருக்கும் என்று பரணில் கிடக்கும் குடத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், கறுத்து, மடிப்புகளில் பச்சை படிந்திருக்கும். கொட்டகைப் பூட்டு துருப்பிடித்து, வெளிப்பக்கம் பச்சை பிடித்து, பானை வாய்க்குள் கைவிட்டுத் தடவினால் மட்டும் புளிபோட்டுத் தேய்த்த மாதிரி சுத்தமாக இருந்தால், யாரோ சமீபத்தில் காய்ச்சியிருக்கிறார்கள். மாம்பழச் சாராயம் எங்கே வடிந்தது என்ற கேள்விக்கு அத்தை அங்கே நின்றே பதில் சொல்லிவிடுவார். மாதாமாதம் பித்தளையும் தாமிரமும் தேய்த்த கை.

பூனை தேவையா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. தானியம் இருக்கிற ஆலையில் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை ஊழியர் பட்டியலில் சேர்ந்துவிடும். ஸ்காட்லாந்தின் கிளென்டரெட் ஆலையில் டவுசர் என்ற பூனை 28,899 எலி பிடித்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறி, 1987ல் செத்தது. யார் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் பூனை நொதிக்கூடத்துத் தரைப் பள்ளத்தில் சுருண்டு தூங்குகிறது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாயு முதலில் தேங்குவது அங்கேதான், அது எழுந்திருக்காது. அதை ராகி மூட்டை அடுக்கின் உச்சியில் படுக்க வையுங்கள்.